நைனா பிடித்து வைத்த இடம்

எங்கள் ஆய்வகத்து அக்காவின் பெயரை நான் மறுபடியும் பார்த்தபோது அவளுக்குக் காரியமெல்லாம் முடிந்திருந்தது. ராயபுரத்தில் அவள் வீட்டுத் தெருமுனையில் ஒட்டப்பட்டிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி கூட மழையில் பாதி கிழிந்துவிட்டது.

அன்று காலை ஆய்வகத்தில் கணினியைப் போட்டு, கணக்குப் போடும் மென்பொருளைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. லைசென்ஸ் எதுவும் காலியாக இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சிவப்பு வரி வந்தது. அது தினமும் வருவதுதான். யார் யார் கையில் லைசென்ஸ் இருக்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பெயர்களுக்கு நடுவில் அவள் லாகின் பெயர் இருந்தது. பக்கத்தில், அன்று விடியற்காலையில் எடுக்கப்பட்டது என்று நேரமும் போட்டிருந்தது.

ஏதோ பழைய பக்கம் என்று நினைத்து மறுபடி திறந்தேன். அப்போதும் இருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவரிடம் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை. பக்கத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலை அதிகம் என்பதால் எங்கள் பல்கலைக்கழகம் வாங்கியிருந்தது, ஒரே நேரத்தில் ஒரு சிலர் மட்டும் பயன்படுத்தக்கூடிய வகை. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் திறக்கும்போது அது கணினி மையத்து சர்வரிடம் ஓர் இடம் கேட்கும். இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் யாராவது மூடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஊரடங்கு வந்தபிறகு வீட்டிலிருந்தும் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் நுழைந்து திறக்கலாம் என்று அனுமதித்தார்கள். அதன்பிறகு போட்டி இன்னும் கூடிவிட்டது. நாங்கள் அதை சீட் என்றே சொல்வோம். காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, ‘சீட் கிடைச்சுதா?’

எல்லோருக்கும் கிடைக்காத நாளிலும் அக்காவுக்குக் கிடைத்துவிடும். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வருவாள். கணினியைப் போடுவாள். போன் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் ஒரு நிமிடம் பேசுவாள். திரும்பி வந்து திறப்பாள். திறந்துவிடும். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எப்படி என்று கேட்டால், “கோட்டா மாமு, எனக்குனு தனி கோட்டா கீது” என்று சிரிப்பாள்.

அவள் அப்படித்தான் பேசுவாள். துறைத் தலைவர் அறையிலும் ‘இன்னா சார்’ தான். நான் திருவொற்றியூர்க்காரி. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டியதும் நான் நாக்கை மாற்றிக்கொள்வேன். அவள் மாற்றிக்கொண்டதில்லை. என்னிடம் மட்டும் தனியாக, “வடசென்ன பொண்ணு நீ. என்னாண்ட ஒய்ங்கா பேசு” என்பாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வழிகாட்டிப் பேராசிரியர். அக்கா எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். கடல் ஏறும்போது எவ்வளவு உள்ளே வருகிறது, இறங்கும்போது எவ்வளவு வெளியே போகிறது, அனல்மின் நிலையத்திலிருந்து ஆற்றில் கலக்கும் சாம்பல் அதோடு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. தண்ணீர் மாதிரிகள் எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். படகிலிருந்து இறங்கினால் கணுக்கால் வரை சாம்பல் சேறு ஏறும். காய்ந்ததும் வெள்ளையாக உதிரும். ரயிலில் வீட்டுக்கு வரும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் காலைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அவள் மட்டும் ஸ்கூட்டியில் எண்ணூருக்குப் போனாள். திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில் வரிசையாக நின்றிருந்த கன்டெய்னர் லாரிகளில் ஒன்று நகர்ந்தபோது அவள் அதன் பக்கத்தில் இருந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் நான் யாரிடமும் கேட்கவில்லை. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் சிலவற்றை, உடையாதவற்றை, போலீஸ்காரர் ஒருவர் பையோடு துறையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பேராசிரியர் சில வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, “அவ விட்ட இடத்துலேர்ந்து நீ எடுத்துக்கோம்மா. வேற யாருக்கும் அந்த கோட் புரியாது” என்றார். அவள் எழுதிய நிரல்கள் என் கணினிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் வரிகளுக்கு நடுவே, அவள் தனக்குத்தானே ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்புகள். ‘லூசு, இங்க மைனஸ் போடு.’ ‘இத்த நோண்டாத, ஓடிகினு கீது.’ படிக்கும்போது அவள் குரல் காதில் கேட்கும். சில நாள் அந்தக் குறிப்புகளை மறைத்துவிட்டு வெறும் கணக்கை மட்டும் படித்தேன்.

இந்த நிலையில்தான் அந்தப் பெயர் வந்தது. அடுத்த நாளும் வந்தது. விடியற்காலையில் தோன்றும், சாயங்காலம் ஆய்வகம் மூடும் நேரத்துக்கு மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வராது. அவளும் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“எதுனா வேலை பாக்கி வெச்சிட்டு பூட்டாளா?”

“ஆமா. அதத்தான் நான் செஞ்சிகினு கீறேன்.”

அம்மா மறுபடி உளுந்தைப் புடைக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் பெயருக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வாரம் காலையில் நான் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே சீட்டுக்குக் காத்திருந்தேன்.

கணினி மையத்துப் பொறுப்பாளர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். கேட்பதற்கே சங்கடப்பட்டார்.

“ஏம்மா, உங்க லேப்ல அந்தப் பொண்ணு... அது லாகின்ல யாரோ நுழையறாங்க. பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“லேப்லேர்ந்து இல்ல. வெளியிலேர்ந்து வருது. இதோ பாரு, கம்ப்யூட்டர் பேரு.”

திரையை என் பக்கம் திருப்பினார். நான் பார்த்த பக்கத்தில் இல்லாத ஒரு விவரம் அவர் திரையில் இருந்தது. எந்தக் கணினி என்பதற்கு நேரே ஆங்கிலத்தில் ‘நைனா’ என்று இருந்தது.

“ஏதோ வடநாட்டுப் பேரு மாதிரி இருக்கு” என்றார் அவர்.

“இல்ல சார். எங்க பக்கம் அப்பாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “நீ போய்ப் பாத்துட்டு வர்றியா?” என்றார்.

ராயபுரத்தில் அவள் வீடு, ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. சாவுக்குப் போனபோது தெருவெல்லாம் பந்தலும் நாற்காலியுமாக இருந்ததால் வீட்டை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அவளுடைய அம்மா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் மட்டும் இருந்த வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவர் லுங்கியும் பனியனுமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கணினிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த மென்பொருள் திறந்திருந்தது. அவர் அதை ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன் விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது.

“அப்பா” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது. “வா கண்ணு. குந்து. டீ சொல்ட்டா?”

வேண்டாம் என்றேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“இத்தப் பத்தி கேக்கதான வந்த? கேட்டாங்களா ஆபீசுல?”

“ஆமாம்பா.”

“எனக்கு இதுல இன்னா தெரியும்? அவ கத்துக் குட்தது இது ஒண்ணுதான். நா காத்தால சீக்கிரம் ஏந்துக்குவேன், டூட்டி பாத்த பழக்கம். ‘நைனா, நீ ஏந்ததும் இத்த அமுக்கு, இந்த பேர போடு, இத்த தொற. நா லேபுக்குப் போய் சேர்றதுக்குள்ள எல்லாரும் சீட்டு புட்ச்சிடுறாங்கோ. நீ எனக்குப் புட்ச்சி வையி’னு சொல்லுவா. லாரித் தண்ணிக்கு கொடம் வெச்சி எடம் புடிப்போம்ல, அது மாதிரி. அவ அங்க போய்ட்டு போன் பண்ணுவா. ‘வந்துட்டேன் நைனா, மூடு’ம்பா. நா இங்க மூடுவேன், அவ அங்க தொறந்துக்குவா.”

வராந்தாவில் அவள் பேசிய அந்த ஒரு நிமிடம் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“இப்பவும் ஏந்ததும் தொறந்துட்றேன்” என்றார். “கை அதுவா போவுது. தொறந்துட்டு போனப் பாத்துகினு குந்தினுருப்பேன். அவ மூடுன்னு சொல்லாம எப்டி மூட்றது? அப்புறம் லேபு மூட்ற நேரம் வந்துச்சின்னா, சரி, இன்னிக்கி அவ வர்லன்னு மூடிடுவேன்.”

அவர் அழவில்லை. ‘இன்னிக்கி அவ வர்ல’ என்பதைச் சாதாரணமாக, லீவு போட்ட பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

“எனக்குத் தெரியும் கண்ணு, அவ இல்லன்னு. கொள்ளி வெச்சவன் நான். பைத்தியம்லாம் புடிக்கல.”

“தெரியும்பா.”

“இதனால யாருக்குனா பேஜாரா?”

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. “எனக்கே சில நாள் சீட் கிடைக்கறதில்லப்பா” என்றேன். அவள் வேலையைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். “அப்போ நீ போன் பண்ணு. நா மூட்றேன்” என்றார்.

அடுத்த நாள் காலை ஆய்வகத்துக்குப் போய், கணினியைப் போட்டு, வராந்தாவுக்கு வந்து அவரை அழைத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். “அப்பா, நான்தான். வந்துட்டேன்” என்றேன். அந்தப் பக்கமிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மூடிட்டேன்” என்றார். உள்ளே போய் அழுத்தினேன். திறந்துகொண்டது. அவள் பெயர் இருந்த வரியில் என் பெயர் வந்து உட்கார்ந்தது.

கணினி மையத்தில், அது அவளுடைய அப்பாதான், யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொறுப்பாளர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நாள் விட்டும் வைத்தார். அந்த நாட்களில் எனக்கு ஒருநாளும் சீட் தவறியதில்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. நானே இன்னொருத்தியை அப்படிப் பார்த்திருக்கிறேன். வராந்தாவில் நின்று போன் பேசிவிட்டு உள்ளே வரும்போது, கண்ணாடிக் கதவில் என் உருவம் தெரியும். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு முன்பு கிடையாது. ஒரு நாள் போனில், “மூடு நைனா” என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவர் உடனே மூடினார். அன்று முழுவதும் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

பிறகு தணிக்கை வந்தது. படிப்பு முடித்தவர்கள், விலகியவர்கள் எல்லோருடைய பெயரையும் நீக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. பொறுப்பாளர் என்னிடம் முன்கூட்டியே சொன்னார். நான்தான் ராயபுரத்துக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் நீக்கிவிட்டார்கள்.

அன்று நான் ரயிலில் இருக்கும்போதே அவர் அழைத்தார்.

“கண்ணு, தொறக்க மாட்டேங்குது. இன்னாமோ செவப்பா எழுதிக் காட்டுது. நா எதுனா தப்பா அமுக்கிட்டேனா?”

“இல்லப்பா. நீங்க தப்பா ஒண்ணும் பண்ணல. பேர எடுத்துட்டாங்க.”

“யார் பேர?”

கொருக்குப்பேட்டை தாண்டி ரயில் நின்றுகொண்டிருந்தது. அவர், “ஓ” என்றார். “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் கணினி மையத்துக்குப் போனேன். பொறுப்பாளர் சர்வர் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். விடியற்காலையிலிருந்து திரை முழுக்க ஒரே பெயர். கேட்டது, மறுக்கப்பட்டது. கேட்டது, மறுக்கப்பட்டது. என்னிடம் பேசிய பிறகும் அது நிற்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு வரி சேர்ந்தது.

“நிறுத்தச் சொல்லும்மா” என்றார் அவர். “என்னால இத பாத்துட்டு உட்கார முடியல.”

அந்த மென்பொருளைப் போலவே, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. லைசென்ஸ் கிடையாது, சர்வர் கிடையாது. அந்த சனிக்கிழமை அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ராயபுரத்துக்குப் போனேன். அவர் கணினியில் ஏற்றினேன். அக்காவின் நிரல் அதில் அப்படியே ஓடவில்லை. சில வரிகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஓடியது. கழிமுகத்தின் படம் திரையில் விரிந்தது. கடல் ஏற ஏற நீலம் உள்ளே வந்தது, சாம்பல் கலந்த இடம் பழுப்பாக நீண்டது.

“இது அவளோடதா?”

“அவ எழுதினதுதான்பா. இப்போ நீங்க எப்ப வேணா தொறக்கலாம். யாரும் மறுக்க மாட்டாங்க.”

“சீட்டு?”

“சீட்டே கிடையாது. எத்தனை பேர் வேணா தொறக்கலாம். எடம் புடிக்கவே வேணாம்.”

அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

“எடம் புடிக்க வேணாம்னா,” என்றார், “அப்போ நா இன்னாத்துக்கு?”

அந்தக் கேள்வியோடு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். தெருவில் மீன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. திரும்ப மாடி ஏறி வந்ததும், யோசித்து வைத்த திட்டம் எதுவுமில்லாமல், எனக்கு உண்மையிலேயே இருந்த ஒரு கஷ்டத்தைச் சொன்னேன். என் கணக்குகள் முடிய நாள் கணக்கில் ஆகும். ஆய்வகத்தில் யாராவது கணினியை அணைத்துவிடுவார்கள், பாதியில் போய்விடும். இந்த இலவச மென்பொருளில் அவற்றை இங்கேயே ஓட விடலாமா, அவர் பார்த்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

“கரண்டு போச்சின்னா?”

“மறுபடி ஆரம்பிக்கணும்பா. எப்படின்னு சொல்லித் தரேன்.”

“காத்தால போன் பண்ணி சொல்லட்டா, ஓடுதா நின்னுச்சான்னு?”

“சொல்லுங்க.”

அப்படித்தான் என் ஆய்வேட்டின் பெரும்பகுதி ராயபுரத்தில் அந்த மாடி அறையில் ஓடியது. தினமும் விடிந்ததும் போன் வரும். “ஓடுது” என்பார். அல்லது, “ராத்திரி கரண்டு பூட்ச்சி, திரும்ப ஓட்டி வுட்டுட்டேன்.” நான் சரி நைனா என்பேன். ‘அப்பா’ எப்போது முழுக்க நின்றது என்று எனக்கு நினைவில்லை. அவரும் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பாப்பா என்றார். அது அக்காவை அவர் கூப்பிட்ட பெயர். சரியா தவறா என்று அம்மாவிடம் கேட்டேன். “அந்தாளு ஆரக் கூப்ட்டா உனுக்கு இன்னா? நீ ‘ஏன்’னு கொரல் குடு” என்றாள் அம்மா. ஆனால் அன்று எனக்குச் சுற்றிப் போட்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் காட்டிய முதல் படத்திலேயே அக்காவின் பெயரைப் போட்டு, இந்தக் கணக்கின் அடிப்படை அவள் எழுதியது என்று சொன்னேன். சொல்லும்போது அவர் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் கைதட்டி, டீயும் சமோசாவும் வந்தபோது அவர் இல்லை. பொறுப்பாளர்தான், “ஒரு பெரியவர் இப்பதான் கிளம்பினார், பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்” என்றார். அவர் யார் என்று இவர் கேட்கவில்லை. தெரிந்துகொண்டிருப்பார்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எனக்கு அந்த நீண்ட கணக்குகள் தேவையில்லை. ஆனால் விடிந்ததும் போன் வருகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது அனுப்பி வைக்கிறேன். அந்த வாரத்துக் கடல் ஏற்ற இறக்கத்தைப் போட்டு, அதே கழிமுகம், அதே தண்ணீர். எதற்கு என்று அவர் கேட்டதில்லை.

போன மாதம் முதல் தடவையாக வேறு ஒன்று கேட்டார். “பாப்பா, அந்தப் பழுப்பு எப்போதான் கடலுக்குப் போவும்? நானும் தெனம் பாக்குறேன். வெளிய போவுது, திரும்ப உள்ளாற வந்துடுது.”

அக்கா அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆய்வேட்டுக்குத் தேவைப்பட்ட இடத்தோடு இருவரும் நிறுத்திவிட்டோம்.

“தெரியல நைனா” என்றேன். “நிறுத்தாம ஓட்டிப் பாத்தாதான் தெரியும். ரொம்ப நாள் ஆவும்.”

“ஆவட்டும்” என்றார். “இத்தினி நாள் பாத்தாச்சி. அனுப்பு.”

அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினேன். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று காலைவரை அந்தப் பழுப்பு போகவில்லையாம்.